சரிக்குச் சமம்

தொலைக்காட்சியில் கடைசி முடிவும் வந்துவிட்டது. நாடு முழுக்க இரண்டு கட்சிகளுக்கும் சம இடங்கள். மிச்சமிருந்த இந்தத் தம்பதியின் தொகுதியிலும், மூன்று முறை எண்ணிய பிறகும், இருவருக்கும் சம ஓட்டு.

"ஒரே ஒரு ஓட்டு கூடியிருந்தா எங்க ஆட்சிதான். உங்க பேச்சைக் கேட்டு வீட்டுல கிடந்தேன் பாருங்க!" என்றாள் தையல்காரி.

"எனக்கும்தானே நஷ்டம்?" என்றார் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் கணவர். "நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. தராசுல ரெண்டு பக்கமும் ஒரே எடைக்கல்லைப் போட்டா முள்ளு அசையுமா? அதான் ரெண்டு பேருமே ஓட்டுப் போடப் போறதில்லைன்னு கையடிச்சுப் பேசினோம். சொன்ன சொல்லுல நிக்கணும். நாம என்ன அரசியல்வாதிங்களா?"

அவள் தலையாட்டியபடி முந்தானையைச் சரிசெய்தபோது, விரலில் இருந்த பிளாஸ்திரி அவர் கண்ணில் பட்டது.

"ஊசி குத்தி ஒரு வாரமாச்சே, இன்னுமா ஆறல?"

வெடுக்கென்று உரித்தார். காயமே இல்லை. நகத்தின் மேல் வாக்குச்சாவடியில் வைத்த கறுப்புக் கோடு.

"அடிப்பாவி! கூட இருந்தே குழி பறிச்சிட்டியே!"

அவள் எழுந்து உள்ளே போனாள். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வந்து, எப்போதும் அச்சு மை அப்பியிருக்கும் அவர் கையைப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள். மண்ணெண்ணெய் பட்டால் அச்சு மை கரைந்துவிடும். கரைந்தது. ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கோடு மட்டும் கரையவே இல்லை.

"நீங்க மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருந்தா, நாட்டுக்கு இந்நேரம் ஒரு அரசாங்கம் கிடைச்சிருக்கும்!" என்று கத்தினாள்.

அவரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்.