அழுகைப் பயிற்சி

பாண்டுங் நகரத்து ஓட்டல் அரங்கில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். வயலின் விம்முகிறது. "உங்க அம்மாவ வெள்ளத் துணியில சுத்தியாச்சு. கடைசியா ஒரு தடவ முகத்தப் பாருங்க," என்று தழுதழுக்கிறது பயிற்சியாளனின் குரல். இதற்குப் பெயர் தலைமைப் பண்புப் பயிற்சி. ஐம்பதைத் தொட்ட அதிகாரிகள் கம்பளத்தில் புரண்டு கதறுகிறார்கள். எல்லாரையும் மிஞ்சிக் கதறுகிறார் கிளை மேலாளர் பாக் யாயன். பக்கத்தில், அவர் கிளையில் வேலை பார்க்கும் லிலிஸ் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சியாளன் அவளிடம் குனிந்து, "மனசத் திறங்க, இபு லிலிஸ். அம்மா முகத்தப் பாருங்க," என்று மைக்கை நீட்டுகிறான். "எங்கம்மா மவுத்தான அன்னிக்கு இந்த யாயன் எனக்கு லீவு தரல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கிட்டாங்க. எந்த முகத்த நான் பாக்குறது, தம்பி?" வயலின் விம்மிக்கொண்டே இருக்கிறது. பாக் யாயனின் அழுகை மட்டும் நின்றுவிடுகிறது.