பதிவு பெற்ற அம்மா

சமூகப் பணியாளர்களுக்குப் பதிவு எண் வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் தெருத்தெருவாகக் கொடி பிடித்தவள் அருள்செல்வி. ஒருவழியாகக் கிடைத்தது. அதிலிருந்து யார் அவளிடம் மனம்விட்டுப் பேச வந்தாலும் கழுத்திலிருக்கும் பதிவு அட்டை சிவக்கும். சொன்னதெல்லாம் கேஸாகப் பதிவாகி, மறுநாளே சொன்னவர் வீட்டு வாசலில் விசாரணை அதிகாரி நிற்பார். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாலும் அதற்குக் காது கேட்கும்.

மகள் நிலானி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை.

"என்னடி ஆச்சு? அம்மாகிட்ட சொல்லு."

நிலானி வாயைத் திறந்தாள். அட்டை சிவந்தது. மூடிக்கொண்டாள்.

அருள்செல்வி அந்த இடத்திலேயே போனை எடுத்து, பதிவை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பித்தாள். உடனே பதில் வந்தது: பரிசீலிக்கத் தொண்ணூறு நாள் ஆகும்.

நிலானி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"பரவாயில்லம்மா, அதுவரைக்கும் தாங்கிக்கிறேன்."