புதிய கோச் தேர்வு

மகளிர் கால்பந்து வரலாற்றையே புரட்டிப்போடப்போகும் அந்த நேர்காணல் காலை பத்தரைக்குத் தொடங்கியது. முதல் டிவிஷனில் கடைசிக்கு முந்தைய இடத்தில் சீசனை முடித்த கிளப்புக்குப் புதிய கோச்சைத் தலைவரே நேரில் தேர்ந்தெடுக்கிறார்.

"ஒரு மேட்ச் விடாம கேலரியில உட்கார்ந்து பார்த்தவன்மா நான். தோத்ததுக்கெல்லாம் காரணம் அந்த எட்டாம் நம்பர்தான். ஓடச் சொன்னா நடக்கிறா!"

"முட்டி வலியா இருக்கும் சார்," என்றாள் கோச் வேலை கேட்டு வந்தவள்.

"இந்த இரக்கமெல்லாம் இங்க ஆகாது. முதல் நாளே அவளை வீட்டுக்கு அனுப்பணும். முடியுமா?"

"அனுப்பிடறேன் சார்."

"இதான்யா கோச்! அடி ஆர்டரை!"

வராந்தாவில் ஆர்டரை நீட்டிய செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீதான் அந்த எட்டாம் நம்பர்னு சொல்லவே இல்லையே?"

"சொன்னா வேலை குடுத்திருப்பாராண்ணே? முட்டி போனதால ஆட்டத்தை நானே விட்டுட்டேன். இதுவும் இல்லேன்னா எங்க போறது?"

அதற்குள் தலைவர் வெளியே வந்தார். புதிய கோச்சை அவரே கூட்டிப்போய் வீராங்கனைகளுக்கு அறிமுகப்படுத்தப்போகிறாராம்.

காரில் ஏறியதும், மைதானத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவளிடம் கேட்டார்.