கவிழ்த்து வைத்த பக்கெட்

புது பேரிங் டப்பாவைக் காணவில்லை.

ஜியாவுல்லா பாய் அதை பானெட் மேல்தான் வைத்திருந்தார். காரின் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இழுத்து, தேய்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டு நிமிர்ந்தால் பானெட் காலியாகக் கிடந்தது. வண்டிக்கு அடியில் பார்த்தார். சாமான் பையைக் கொட்டிப் பார்த்தார். தன் சட்டைப் பையைக்கூடத் தடவிக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, டப்பாவுக்குக் கால் மொளச்சிடுச்சா?"

"தெரியலியே பாய்," என்றாள் பொன்னி. வாசலில் நின்றிருந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

வேங்கிக்காலில் புதிதாக மனை போட்ட தெரு அது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வீட்டில் பொன்னியும், இரண்டாவது படிக்கும் மகள் அறிவுமதியும்தான். புருஷன் இளவரசன் டவுனில் செல்போன் கடை வைத்திருக்கிறான். காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டான். பழைய மாருதியை வீட்டிலேயே வைத்துச் சரி பண்ணித் தரச் சொன்னது அவன்தான். "தெருவே திரும்பிப் பாக்குது பாய், மானம் போவுது."

அவன் சொன்னது மெய்தான். சக்கரத்தில் கை வைப்பதற்கு முன்னால் பாய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். தெருமுனையில் திரும்பும்போதே பின்சக்கரத்துப் பேரிங் ஊ... என்று ஊளையிட்டது. வீட்டு வாசலில் வந்து நிறுத்தியபோது படியில் பாதி இட்லியோடு ஒரு தட்டு கிடந்தது. தின்றுகொண்டிருந்த பிள்ளையைக் காணோம்.

பொன்னி எட்டிப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அறிவு, பாய்தான்டி, வா," என்று குரல் கொடுத்தாள்.

"புள்ளைங்க பாத்து ஓடற மாதிரியா இருக்குது என் மூஞ்சி?" என்று பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இப்போது டப்பா இல்லை. கடைக்குப் போய் வேறு வாங்கி வர வேண்டியதுதான் என்று பாய் கை கழுவப் போனார். குழாயடியில் ஒரு பக்கெட் கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினார். உள்ளே டப்பா.

"தங்கச்சி, இத நான் இங்க வெக்கல."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பழசையே போட்டுடுங்க பாய்."

பாய் பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினார். மணலை அரைப்பது போலக் கரகரத்தது. "கேட்டியா? செத்துப்போச்சும்மா இது."

"ஒரு மாசம் ஓடாதா?"

"ஓடும். செங்கம் ரோட்டுல வேகமா போவசொல்ல ஒரு நாளு சக்கரம் கழண்டுக்கும். உள்ள இருக்கற மனுஷன் மிஞ்ச மாட்டான்."

"ஒரு மாசம் ஓடுமில்ல?" என்று அதையே திரும்பக் கேட்டாள்.

பாய் பேரிங்கைச் சுற்றுவதை நிறுத்தினார். எத்தனையோ வீட்டு வாசலில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தவர். வண்டி நின்றுபோனதே என்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறார். புருஷன் ஓட்டுகிற வண்டி கெட்டே கிடக்கட்டும் என்கிற பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

புது பேரிங்கை டப்பாவிலிருந்து எடுத்து டிரம்மில் வைத்தார். பழைய பேரிங்கை மேலே வைத்து, அதன் தலையில் சுத்தியால் தட்டித் தட்டிப் புதியதை உள்ளே இறக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் பொன்னி கண்ணை மூடித் திறந்தாள். கிரீஸ் வைத்து, டிரம்மை ஏற்றி, நட்டை இறுக்கி, சக்கரத்தை மாட்டினார்.

மறுபடி ஒரு சுற்று போய்வந்தார். வண்டி வந்து நின்றது. அறிவுமதி படியில் உட்கார்ந்து குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். பாயின் நிழல் நோட்டில் விழுந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"பாத்தியா பாப்பா? பூனை மாதிரி வருது இப்போ."

போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"முடிஞ்சுதா பாய்? சாப்ட்டீங்களா? டீ போட்டுத் தரச் சொன்னேனே, குடுத்தாளா?" என்றான் இளவரசன். அந்தக் குரலைக் கேட்டதும் பொன்னி அடுப்படிக்கு ஓடினாள்.

எவ்வளவு தன்மையான மனுஷன். பாய்க்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. புது பேரிங்க உங்க வீட்ல ஒளிச்சு வெச்சுட்டாங்க. பழசையே போடச் சொன்னாங்க. எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அப்டியா சொன்னா? நான் வந்து பேசிக்கறேன் பாய். வண்டிய நீங்க கடைக்கு எடுத்தாந்துடுங்க. ராத்திரி நானே ஓட்டிக்கினு வரேன்."

போனை வைத்துவிட்டு பாய் திரும்பினார். பொன்னி டீ டம்ளரோடு நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஏன் சொன்னீர்கள் என்று கேட்கவும் இல்லை. டம்ளரை பானெட் மேல் வைத்துவிட்டுப் படிக்குப் போய், மகளின் நோட்டை மூடினாள்.

"அறிவு, பொழுது சாய்றதுக்குள்ள பின்வீட்டு ஜோதியம்மா கிட்ட போயிடு. இனிமே அப்பா வர்றது தெருமுனையிலயே கேக்காதுடி."