இடப்பக்கம் பார்க்கும் மனிதர்

திமிங்கிலத்தைப் பார்க்காதவர்கள் மறுநாள் இலவசமாக வரலாம் என்பது அந்தப் பனிக்கரையில் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகும் படகுக் கம்பெனியின் விதி. பார்க்கவில்லை என்று அவரவர் சொன்னால் போதும். மீன் ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற அரியநாயகம் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். வழிகாட்டி ரோகிணி ஒலிபெருக்கியில் “வலப்பக்கம்!” என்றதும் எல்லோரும் வலப்பக்கம் ஓடுவார்கள். அவர் மட்டும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டு கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிடுவார்.

அன்றும் அப்படியே செய்தார். ஒரே சங்கதியை மூன்று மொழிகளில் சொல்லித் தொண்டை கட்டியிருந்த ரோகிணி அவரருகே வந்தாள்.

“இண்டைக்கும் காணேல்லையோ மாமா? ஒருக்கா ஒழுங்காப் பாத்திட்டு விடுங்கோவன்.”

“பாத்திட்டால் நாளைக்கு வீட்டில எல்லோ இருக்கோணும், பிள்ளை. அங்க ஆர் இருக்கினம்?”

அவர் தொப்பியை மேலே தள்ளி மூக்கைத் துடைத்த நேரம், இடப்பக்கத் தண்ணீர் கறுத்து உயர்ந்தது. ரோகிணி ஒலிபெருக்கியை அணைத்தாள். மழைக்கோட்டின் இரண்டு பக்கங்களையும் அகல விரித்து, அவருக்கும் கடலுக்கும் நடுவில் போய் நின்றாள். திமிங்கிலத்தின் வெதுவெதுப்பான மூச்சுத் தூறல் அவள் முதுகை நனைத்தது.

“என்ன பிள்ளை அது?”

“ஒண்டுமில்லை மாமா. அலைதான்.”