செவ்வாய்க்கிழமைக் கமாரோ

"கமாரோ இன்னும் நிக்குதோ, தங்கச்சி?"

"நிக்காமல் எங்கை போறது? உள்ளுக்கு வாங்கோ அண்ணை, குளிர் அடிக்குது" என்று கதவை அகலத் திறந்தாள் ஜெயமலர். "எதிலை வந்தனீங்கள்?"

"பஸ்ஸிலைதான்" என்றார் குலசிங்கம். குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னதால் அவர் முகம் தெரியவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் இதே கேள்வி, இதே பதில். தமிழ்ப் பத்திரிகையில் 'கமாரோ கார் விற்பனைக்கு' என்று ஜெயமலர் போட்டிருந்த விளம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் வாசலில் நிற்பார். கனடாவில், விட்பி நகரின் அந்தப் புதிய தெருவில் பாதி வீடுகள் எங்கள் தமிழ் ஆட்களுடையவை. கணவனை இழந்து தனியே இருக்கிறவளின் வீட்டுக்கு ஓர் ஆண் காரணமில்லாமல் வந்தால், அவர் திரும்பிப் போகுமுன்னே கதை பக்கத்து மார்க்கம் நகர் வரைக்கும் போய்விடும். கார் பார்க்க வந்தவர் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது.

குலசிங்கத்தின் மனைவி காலமாகிவிட்டாள். மகன் தூரத்துக் கல்கரியில். அவர் இருக்கும் பேஸ்மென்ற் அறையில் மற்ற நாட்களில் பேச்சுத்துணைக்கு ஓர் ஈ காக்கா இல்லை. செவ்வாய்க் காலையில் தொண்டையைச் செருமி, குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் புறப்படுவார்.

தேநீரும் றோல்ஸும் வந்தன. ஜெயமலர் எதிரே உட்கார்ந்தாள்.

"போன கிழமை எதிலை விட்டனான்?"

"கமாரோவின்ரை நாலாவது தலைமுறையிலை. எண்டாலும் முதலிலையிருந்து ஒருக்காச் சொல்லுங்கோ."

சொல்வதென்றால் அவளுக்கும் கசக்குமா? கணவர் விநாயகமூர்த்தி பக்கத்து ஒஷாவாவில் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சாப்பாட்டு மேசையில் அவர் பேசியதெல்லாம் கார்தான். அன்றைக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டதை இன்றைக்கு வரி பிசகாமல் சொல்வாள்.

"முதல் வந்தது அறுபத்தேழாம் ஆண்டுக் கார். கச்சிதமான வடிவு. ரெண்டாவது நீண்டு கொழுத்துப்போச்சு. பெற்றோல் விலை ஏற எஞ்சினை அடக்கிவிட்டாங்கள். பெரிய உடம்பு, சின்ன மூச்சு. மூண்டாவது பெட்டி மாதிரி, நாலாவது மீன் மாதிரி. ரெண்டாயிரத்து ரெண்டோடை நிப்பாட்டிப்போட்டாங்கள். பிறகு வருசக்கணக்கா கமாரோ எண்டே ஒண்டு இல்லை."

"பிறகு?" குலசிங்கத்துக்குத் தெரியும். தெரியாதவர் போலக் கண்ணை விரித்தார்.

"பிறகு எங்கடை ஒஷாவாவிலையெல்லோ திரும்பிப் பிறந்தது! அஞ்சாவது தலைமுறை. அறுபத்தொன்பதாம் ஆண்டுக் காரை உரிச்சு வைச்ச முகம். இவருக்கு அங்கை காருக்குக் கதவு பொருத்திப் பூட்டுற வேலை. தான் பூட்டின கதவு எண்டு சொல்லித்தான் எங்கடை காரையே வாங்கினவர். எந்தக் கதவெண்டு ஆருக்குத் தெரியும்? நானும் ஓம் எண்டுட்டன்." சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "ஆறாவதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிட்டாங்கள். இப்ப அதையும் நிப்பாட்டியாச்சு. அவ்வளவுதான் அண்ணை."

அவ்வளவுதானா? குலசிங்கம் கோப்பையில் ஒரு வாய்த் தேநீரை மிச்சம் வைத்துக்கொண்டார்.

"அப்ப, விலையைப் பற்றி..." என்று இழுத்தார்.

"செவ்வாயிலை நான் விலை பேசமாட்டன் எண்டு தெரியுந்தானே."

"ஓ, மறந்துபோனன்."

வழக்கமாக அந்த இடத்தில், "அப்ப வாற கிழமை வாங்கோவன்" என்பாள். இன்று சொல்லவில்லை. கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அண்ணை, மகள் மயூரி விளம்பரத்தை நிப்பாட்டச் சொல்லி ஒரே சண்டை. 'இன்னும் ஏன் அம்மா, வாட்ஸ் த பொயின்ற்?' எண்டு கேக்கிறாள். இந்தக் கிழமையோடை இனிப் பேப்பரிலை வராது."

விளம்பரம் நின்றால் இந்தக் கதவைத் தட்ட அவருக்கு வேறு என்ன சாட்டு இருக்கிறது? 'சும்மா வந்தனான்' என்று சொல்ல அவருடைய வயது விட்டாலும் இந்தத் தெரு விடாது.

"ஓம், பிள்ளை சொல்லுறது சரிதானே" என்றார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

வெளியே இந்த வருடத்தின் முதல் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. குலசிங்கம் பஸ் தரிப்பிடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி அடுத்த தெருவுக்கு நடந்து, அங்கே தான் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, ஸ்டார்ட் பண்ண மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் அடித்தது. ஜெயமலர்தான்.

"அண்ணை, பனிக்குள்ளை காரை ஆறுதலா, மெல்லமா ஓடுங்கோ. கோடையிலை உந்தக் கமாரோவை என்னட்டை வாங்கேக்கை, அதின்ரை பனிக்கு மாட்டுற விண்டர் ரயர் நாலையும் விட்டிட்டுப் போயிட்டியள், எங்கடை கராஜுக்குள்ளைதான் கிடக்குது. எல்லாத்தையும் ஒரேயடியாக் கொண்டுபோயிடாதேங்கோ, செவ்வாய்க்கு ஒண்டா வந்து எடுத்தால் காணும்."