நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அம்சவேணியை வரதராஜர் கோயிலுக்கு அழைத்து வந்தேன்.

தாயார் சன்னதியைச் சுற்றி வந்ததும் சொல்வதாக இருந்தேன். தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரட்டும் என்று தோன்றியது. அப்புறம், புளியோதரை சாப்பிட்டு முடிக்கட்டும். சாப்பிடுகிற பெண்டாட்டியிடம் போய் எப்படிச் சொல்வது?

இப்போது குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறோம். காலி தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீரைப் பார்க்கிறாள். எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாணிக்கவேல் கடை என்றால் யாருக்கும் தெரியாது. ‘நாளைக்கு வாங்க’ கடை எது என்று கேட்டால் தெருமுனையிலேயே கை காட்டுவார்கள். என் வீட்டு மிக்சியே இரண்டு வருஷமாகப் பரண் மேல் கிடக்கிறது. வேலை தெரியாதவன் இல்லை. ஆரம்பிக்கத்தான் வராது.

கரண்ட் பில்லோ கல்யாண வீடோ, அம்சவேணி பத்து தடவை நினைவுபடுத்தினால்தான் என்னிடம் நடக்கும். அவளும் சளைக்காமல் நினைவுபடுத்துவாள். வெள்ளிக்கிழமைகளில் அவளே வந்து கடையைக் கூட்டி, டிராயரை ஒழுங்குபடுத்தி, சாமி படத்துக்குப் பூ போட்டுவிட்டுப் போவாள்.

தை மாதம், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். பொங்கல் வேலை முடியட்டும் என்றேன். பிறகு, வைகாசி கருட சேவைக் கூட்டம் கலையட்டும் என்றேன். ஆடியில்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

ரிப்போர்ட் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான் மட்டும் போய் வாங்கினேன். “இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

அதற்குப் பதில் இருந்திருந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லியிருப்பேன். என் சோம்பல்தான் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டது என்று எந்த வாயால் சொல்வது? ரிப்போர்ட் உறையைக் கடை டிராயரில், ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் செருகி வைத்தேன்.

குளத்துக்கு நடுவே சின்ன மண்டபம். அதன் கீழே, தண்ணீருக்குள்தான் அத்தி வரதர் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருவார். 2019இல் வந்தபோது நாற்பத்தெட்டு நாள் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. நாளைக்குக் கூட்டம் குறையும், நாளைக்குக் குறையும் என்று தினமும் சொன்னேன். கடைசி நாள் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் வரிசையை நிறுத்திவிட்டார்கள்.

சண்டை போடுவாள் என்று பார்த்தேன். நம் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஜனமெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

“அடுத்த தபா அவுரு வரும்போது உங்களுக்கு எண்பத்திரண்டு ஆயிருக்கும்.”

தன் வயதை அவள் எண்ணவில்லை.

இப்போதே சொல்லிவிடலாம். வேண்டாம், வீட்டுக்குப் போய்க் காபி குடித்த பிறகு சொல்லலாம்.

தொன்னையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“அப்பவும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினு இருக்காதீங்க. மொத நாளே போயிடுங்க. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வந்துருங்க.”

சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். நான் தொன்னையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கேஸ் புக் பண்ணச் சொல்லி இன்று காலையில்கூட மூன்று தடவை நினைவுபடுத்தியவள், இந்த ஒன்பது நாளில் ரிப்போர்ட் வந்ததா என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.